குழி நகர்ந்த காதை: நகைக் கோல்ஃப் ஆடுவோர் சொல்லும் கருத்துகள் குறித்து ஓர் ஆய்வு

பாயிரம்

கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டறியாதவர்கள், கோல்ஃப் மைதானத்தை பஸ் ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்திராதவர்கள், செல்போனில் ஒரு கோல்ஃப் கேமை ஆடிவிட்டு "இதெல்லாம் கோல்ஃபே இல்லைங்க" என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். இவ்வகைத் தீர்ப்புகள் உலகெங்கும் மலையாகக் குவிந்து கிடக்க, அவற்றை முறைப்படி வகைதொகை செய்து காட்டும் நூல் தமிழில் இன்னும் எழவில்லை. எழாமல் போனதற்குத் தக்க காரணம் இருக்கலாம். ஆனால் ஆய்வாளன் என்பவன் இடைவெளியைக் கண்டதும் அடைப்பவன். அது எதற்காக விடப்பட்டிருந்தது என்று விசாரிப்பது அவன் வேலையில் சேராது.

எல்லையை முதலில் வகுத்துக்கொள்வோம். கோல்ஃப் கேம்கள் இரு குலத்தவை. காற்றின் வேகம், புல்லின் சரிவு, மட்டையின் கோணம் யாவற்றையும் கணக்கிட்டு, உண்மை மைதானத்தை அச்சுப் பிசகாமல் திரையில் இறக்கப் பாடுபடுபவை ஒரு குலம். டைகர் வுட்ஸ் பெயரைத் தாங்கி வந்த கேம்கள் இக்குலத்துப் பிறந்தவை. அவற்றை ஆடுவோரின் கருத்துகள் ஈண்டு விலக்கப்பட்டன. அவர்கள் மிகவும் பொறுப்பானவர்கள், ஆய்வுக்கு உதவமாட்டார்கள். எஞ்சியது நகைக் கோல்ஃப். பந்தைக் குழியில் தள்ளுவதாகப் போக்குக் காட்டிவிட்டு, ஆடுபவரைச் சிரிப்பில் தள்ளுவது இதன் தொழில்.

மூலநூலாகக் கொண்டது 'வாட் த கோல்ஃப்?' என்னும் கேம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்து ட்ரைபேண்ட் நிறுவனத்தார் செய்தது. 2019 செப்டம்பரில் ஆப்பிள் ஆர்கேடில் அரங்கேறி, அக்டோபரில் கணினிக்கும், 2020 மே மாதம் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்து சேர்ந்தது. கோல்ஃப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள் செய்த கோல்ஃப் கேம் என்று செய்தவர்களே விளம்பரம் செய்துகொண்டார்கள். விளம்பரத் துறையார் இதைத் துணிச்சல் என்பார்கள். நம் மரபில் இதற்கு அவையடக்கம் என்று பெயர். தன் அறியாமையை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தன் வேலையைக் காட்டுவது புலவர் வழக்கம். கோபன்ஹேகனுக்கும் அது எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. துணைநூல்கள் ஆங்காங்கே வரும்.

அளவுகோல் எது என்ற கேள்விக்கு நீண்ட தேடல் தேவைப்படவில்லை. தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடு எட்டு என்று வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு இடங்களில் பிறக்கும் என்று கணக்கை முடித்துத் தந்துவிட்டது. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன். மேலைநாட்டு நகைக் கோட்பாடுகளும் உள்ளன என்று கேள்வி. எட்டை நான்கால் பெருக்கி முப்பத்திரண்டு அறைகள் ஆயத்தமாக இருக்கும்போது புதிதாக வீடு தேடுவானேன்?

நகையியல்

எள்ளலில் தொடங்குவோம். கோல்ஃப் பணக்காரர் ஆட்டம், மெதுவான ஆட்டம், வெள்ளை உடையும் தணிந்த குரலுமாக நடக்கும் ஆட்டம் என்பது ஆடாதவர் மனத்திலும் பதிந்துபோன படம். அந்தப் படத்தைக் கிழிப்பதே எள்ளல் வகைக் கேம்களின் வேலை. 2016-இல் வந்த 'டேஞ்சரஸ் கோல்ஃப்' இதற்கு நேர் உதாரணம். பர்ன்அவுட் என்ற கார் கேமைச் செய்து, கார்களை மோதவிட்டுப் புகழ்பெற்றவர்கள் அங்கிருந்து விலகி, த்ரீ ஃபீல்ட்ஸ் என்ற நிறுவனம் தொடங்கி இதைச் செய்தார்கள். அரண்மனை மாதிரி ஒரு கூடம். பீங்கான், கண்ணாடி, சிலை. நடுவே ஒரு பந்து. குழியில் போடுவது இரண்டாம் வேலை. எத்தனை சாமான் உடைந்தது என்பதே மதிப்பெண். இதை ஆடியவர்களின் கருத்துகள் இரண்டே வரிகளில் அடங்கும்: முதல் கூடத்தை உடைக்கும்போது இருந்த சந்தோஷம் மறக்க முடியாதது, பத்தாவது கூடத்தை உடைக்கும்போது அது பாத்திரம் கழுவுகிற இடத்தில் கேட்கும் சத்தமாகிவிடுகிறது. எள்ளலுக்கு ஆயுள் குறைவு. ஒருவரைக் கேலி செய்துகொண்டே இருந்தால் சுற்றியிருப்பவர்கள் கொஞ்ச நேரத்தில் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

இளமை வகைக்கு இலக்கணம் வகுத்தது 1988-இல் வந்த 'ஜேனி கோல்ஃப்'. வில் ஹார்வி செய்தது. அதில் ஒரு தளத்தில் குழியின் மேல் ஒரு ஹாம்பர்கர் உட்கார்ந்திருக்கும். மவுசை அழுத்தினால் அது துள்ளும். துள்ளிய நேரம் பார்த்துப் பந்தை அடியில் செலுத்த வேண்டும். எறும்புப்புற்றும் ஒரு தளத்தில் உண்டு. இன்றைக்கு நடுவயது கடந்துவிட்டவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது கேமின் நயத்தைப் பேசுவதில்லை. ஹாம்பர்கர் துள்ளியதை மட்டும், கையைக் குதிக்கவைத்து நடித்துக் காட்டுகிறார்கள். இவ்வகையில் வைக்கத் தக்க மற்றொன்று, ஜப்பானியர் செய்த 'ரிப்பிட் கிங்'. அதில் பந்து கிடையாது. தவளைதான் பந்து. சுத்தியலால் கவணை அடித்துத் தவளையைப் பறக்கவிட வேண்டும். தவளைக்குச் சொந்த விருப்பம் உண்டு. வழியில் பூச்சியைக் கண்டால் சாப்பிடப் போய்விடும். ஆடுபவர் திறமைக்கும் முடிவுக்கும் சம்பந்தம் குறைவு என்ற குறை இதன்மேல் சொல்லப்படுகிறது. அரசாங்க அலுவலகத்தில் மனு போட்டவர்களுக்கு இது புதிதாக இராது.

இனி பேதைமையும் மடனும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவார் உளர். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது பிறர் கற்பித்ததை இறுகப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல். உரைகாரர்கள் காட்டிய இந்த நுட்பமான வேறுபாடு பல நூற்றாண்டுகளாக ஒரு தகுந்த கோல்ஃப் கேமுக்காகக் காத்திருந்தது என்பதே இந்த ஆய்வின் துணிபு. ட்ரைபேண்டார் தங்களுக்கு கோல்ஃப் தெரியாது என்று சொல்லிக்கொள்வது பேதைமை. அது விளம்பரத்தோடு நின்றுவிடுகிறது. அவர்களது கேமில் பிறக்கும் நகைக்கு இடம் மடன். அந்த மடன் ஆடுபவருடையது.

நிறுவுவதற்குக் கள ஆய்வு தேவைப்பட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா ஒருவர் ஆய்வுக்கு இசைந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனை இரண்டு கையாலும் வாங்கினார். திரையில் பச்சைப் புல்வெளி, மட்டையோடு ஓர் ஆள், காலடியில் பந்து, தூரத்தில் கொடி. விரலைத் திரையில் வைத்துப் பின்னால் இழுத்தால் ஓர் அம்புக்குறி நீளும். விட்டால் பந்து போகும். கற்றுக்கொள்ள வேண்டியது இவ்வளவே. பெரியப்பா இழுத்தார், விட்டார், பந்து கொடியருகே போயிற்று. "இவ்வளவுதானே" என்றார். இந்த "இவ்வளவுதானே" என்ற சொல்லில் மடன் கருக்கொண்டதை ஆய்வாளன் குறிப்பேட்டில் பதிந்துகொண்டான்.

அதே புல்வெளி. அதே ஆள். பெரியப்பா அதே மாதிரி இழுத்து விட்டார். பந்து அசையவில்லை. மட்டை பிடித்திருந்த ஆள் கையும் காலும் துவள அந்தரத்தில் பறந்துபோய்க் கொடியருகே விழுந்தான்.

"ஏம்ப்பா, பந்து இங்கயே கெடக்கு. ஆளு எங்க போறான்?"

"அப்படித்தான் பெரியப்பா. ஆடுங்க."

சற்றுத் தள்ளி ஒரு தளத்தில் அவர் இழுத்து விட்டபோது புல்வெளியில் இருந்த வீடு ஒன்று அஸ்திவாரத்தோடு கிளம்பி, உருண்டு, கொடியை நோக்கிப் போயிற்று. பெரியப்பா போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். "வீட்டை நகர்த்தினா நாலு எல்லையும் மாறிப் போயிடுமேப்பா. பத்திரம் யார் பேர்ல இருக்கு?" என்றார். சிரிக்கவில்லை. அடுத்த இழுப்பில் வீடு கொடியில் மோதியபோதுதான் தோள் குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பெரியப்பா சிரித்தது வீட்டைப் பார்த்தா? ஆய்வாளன் அப்படிக் கருதவில்லை. வீடு பறப்பதை அவர் எந்தப் படத்தில் பார்த்தாலும் சேனலை மாற்றுவார். அவர் விரல் பந்தை நினைத்து இழுத்தது, வேறொன்று கிளம்பியது. தம் விரல் ஏமாந்ததை அவர் தம் கண்ணாலேயே பார்த்தார். இதனை ஒரு நூற்பாவில் அடக்கலாம்:

பிடித்தது விடாஅன் பிழைபட நகுமே.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், கற்பித்ததை விடாது பற்றியவன் அது பொய்த்தவிடத்துத் தன்னையே நோக்கிச் சிரிக்கும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. 'விடாஅன்' என்பதில் அளபெடை, விரல் பின்னால் இழுபடும் நீளத்தைக் குறித்து நின்றது. சூத்திரம் செய்தவரும் உரை செய்தவரும் ஒருவரே ஆகலின் உரைவேறுபாடு இல்லை. வருங்காலத்தில் யாரேனும் வேறு உரை எழுத விரும்பினால் தடையில்லை, எழுத மாட்டார்கள்.

இவ்விடத்துப் பெருமிதமும் கொஞ்சம் ஊடாடுகிறது. இந்தக் கேமின் சில தளங்கள் பிற கேம்களைப் போலி செய்பவை. நாம் அசைந்தால் மட்டுமே காலம் நகரும் 'சூப்பர்ஹாட்', ஒரு வாசலில் புகுந்து வேறொரு வாசலில் வெளிவரும் 'போர்ட்டல்' ஆகியவை கோல்ஃப் வேடம் போட்டு வரும். அந்தக் கேம்களை ஆடியவர்கள் இங்கே வந்ததும் கூவிவிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு உடனே விளக்கம் சொல்லத் தொடங்குகிறார்கள். பெருமிதம் பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவது கல்வி என்று மெய்ப்பாட்டியல் வைத்தது இவர்களைக் கருதியே போலும். பெரியப்பாவுக்கு அந்தத் தளங்களும் மற்றத் தளங்களும் ஒரே மாதிரிதான் இருந்தன. எல்லாமே விசித்திரம் என்று ஆனபின் எது எதைப் போலி செய்கிறது என்பது யாருக்கு வேண்டும்? ஆடியோர் பலர் இந்தப் போலித் தளங்களையே கேமின் உச்சம் என்பார்கள். எனக்கு உடன்பாடில்லை. தெரிந்தவனுக்கு மட்டும் சிரிப்பு வரவைப்பது எளிது; பத்திரப்பதிவு எழுத்தரைச் சிரிக்கவைத்ததுதான் வேலைப்பாடு.

வழக்கும் மறுப்பும்

ஆடுவோரின் முறையீடுகளில் தலையாயவை இரண்டு. ஒன்று, கேம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. கதைப்பகுதியை இரண்டு மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். மற்றொன்று, போகப் போகச் சலிக்கிறது. இவ்விரண்டையும் வெவ்வேறு ஆட்கள் சொன்னால் கட்சிகட்டி வாதிடலாம். சங்கடம் என்னவென்றால் இரண்டையும் ஒரே ஆள், சில சமயம் ஒரே மூச்சில் சொல்கிறார். என் அக்கா பையன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சூப்பர் கேம் மாமா. ஆனா கடைசில போரடிச்சுது. அதுக்குள்ள முடிஞ்சும் போச்சு."

முரண் என்று இதைத் தள்ளுவது மேலோட்டமான ஆய்வாளர் செயல். மடன் செலவழியும் பண்டம் என்று கொண்டால் முரண் நீங்கும். முதல் ஏமாற்றத்தில் ஆடுபவர் முழு மடனோடு இருக்கிறார். பத்தாவது ஏமாற்றத்தில், பந்து போகாது, வேறு ஏதோ போகப்போகிறது என்று தெரிந்துகொண்டே இழுக்கிறார். ஐம்பதாவதில் பந்து ஒழுங்காகப் போய்க் குழியில் விழுந்தால்தான் திடுக்கிடுவார். செய்தவர்களும் இதை அறிந்தவர்கள்தாம். திடீரென்று ஒரு தளத்தில் இழுத்தால் கொடியே பறக்கும். இன்னொன்றில் முப்பரிமாணம் மறைந்து பக்கவாட்டுச் சித்திரமாகும். கார் வரும், கால்பந்து வரும். ஆனாலும் எதிர்பாராததை எதிர்பார்க்கக் கற்றுக்கொண்டவனிடம் மடன் எங்கே இருக்கிறது? அது தீரும் இடத்தில் கேமும் தீர வேண்டும். ஆக, "சலித்தது", "சீக்கிரம் முடிந்தது" என்ற இரண்டும் ஒரே நிகழ்ச்சியை இரு கரையில் நின்று பார்த்துச் சொன்னவை. இரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டு, வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது.

தள்ளுபடி செய்யமுடியாத குறை ஒன்று இருக்கிறது. அதை ஆடுவோர் உரக்கச் சொல்வதில்லை. கேமில் முதல் தடவை ஒரு தளத்தைக் கடக்க அடிக்கணக்குக் கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் இழுத்து விடலாம். கடந்தபின் அதே தளம் மேலும் இரண்டு முறை சவாலாகத் திறக்கும். மூன்றையும் முடித்தால் கிரீடம். இந்தச் சவால்களில் சில, முன்பு சொன்ன வேடிக்கையையே புரட்டிப்போட்டு வேறு வேடிக்கை செய்யும், அவை நன்று. சில, அதே வேடிக்கையை இத்தனை அடிக்குள் முடி என்று கணக்கு வைக்கும். சிரிப்புக்குத் தேர்வு வைத்தது போலாகிவிடுகிறது. வீட்டைக் கொடிக்கு உருட்டியபோது குலுங்கிய அதே பெரியப்பா, அதே வீட்டைக் கணக்கு அடிக்குள் உருட்டச் சொன்னதும் முகத்தில் அலுவலகக் களை வந்து, உதட்டை இறுக்கி, கோணம் பார்த்து, தவறி, "இந்தா, நீயே வெச்சுக்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்தக் கிரீடச் சவால்களைத்தான் கேமின் உயிர் என்று சாதிக்கும் ஒரு சாரார் உண்டு. கதைப்பகுதி வெறும் முன்னோட்டம், எல்லாக் கிரீடமும் சேர்த்தவனே ஆடியவன் என்பது அவர்கள் கட்சி. பெருமிதத்தின் இரண்டாம் இடமான தறுகண் இவர்களிடம் அப்பியிருக்கிறது. வாதிட்டு வெல்ல முடியாது. விலகி நடப்பது நலம்.

"இது கோல்ஃபே இல்லை" என்னும் வழக்கு வேறு தரத்தது. சொல்வோரில் இரு பிரிவினர். கோல்ஃப் தெரியாதவர் சொன்னால் அது பாராட்டு. தெரிந்தவர் சொன்னால் மனக்குறை. மனக்குறைக்கு விடை சொல்லும் பொருட்டு ஆய்வாளன் உண்மையான கோல்ஃப் பக்கம் ஒரு நடை போய்வந்தான். போன இடத்தில் கண்டவை, கோபன்ஹேகன்காரர்களின் கற்பனை எத்தனை அடக்கமானது என்று காட்டின.

1457-இல் ஸ்காட்லாந்தின் பாராளுமன்றம் கோல்ஃபைத் தடைசெய்தது. வில்வித்தை பழகவேண்டிய ஆட்கள் பந்தடித்துத் திரிகிறார்கள் என்பது காரணம். 1940-இல், ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுக்கொண்டிருந்த காலத்தில், இங்கிலாந்தின் ரிச்மண்ட் கோல்ஃப் கிளப் தற்காலிக விதிகள் வெளியிட்டது. போட்டியின்போது குண்டு விழுந்தாலோ துப்பாக்கிச் சூடு நடந்தாலோ ஆட்டத்தை நிறுத்தி மறைவிடம் தேடலாம். அதற்குத் தண்டம் கிடையாது. பந்தை அடிக்கும் அதே நொடியில் குண்டு வெடித்து அடி பிசகினால் அதே இடத்திலிருந்து இன்னொரு பந்தை ஆடலாம். ஆனால் தண்டம் ஓர் அடி. ஹிட்லரின் குண்டுக்கு ஓர் அடி தண்டத்தை ஆடுபவர் தலையில் கட்டிய அந்த விதியைவிட நகையான தளம் எதையும் ட்ரைபேண்டார் செய்ததாகத் தெரியவில்லை.

மேலும் 1971 பிப்ரவரியில் அப்பல்லோ 14-இல் நிலவுக்குப் போன ஆலன் ஷெப்பர்ட், மாதிரி மண் அள்ளும் கருவியின் கைப்பிடியில் ஆறாம் எண் மட்டையின் தலையை மாட்டி இரண்டு பந்துகளை அடித்தார். விண்வெளி உடை வளையாததால் ஒற்றைக் கையால் அடிக்க வேண்டியிருந்தது. பந்து மைல் மைலாகப் போகிறது என்று அவர் உற்சாகத்தில் சொன்னார். படங்களை வைத்துப் பின்னாளில் கணக்கிட்டபோது இரண்டில் தூரம் போனது நாற்பது கெஜம் என்று தெரிந்தது. இதையும் கோல்ஃப் என்றே உலகம் கொண்டாடுகிறது. "இது கோல்ஃபே இல்லை" என்று ஷெப்பர்டிடம் சொன்னவர் யாருமில்லை.

விதிநூலையே எடுத்துக்கொண்டாலும் கதை அதுதான். 'வாட் த கோல்ஃப்?' வெளிவந்த அதே 2019-இன் தொடக்கத்தில் கோல்ஃபின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதற்குமுன் பந்தைக் கையிலெடுத்துக் கீழே போட நேரும்போது தோளுயரத்திலிருந்து போட வேண்டும். புதிய விதிப்படி முழங்கால் உயரத்திலிருந்து. தொலைந்த பந்தைத் தேட இருந்த ஐந்து நிமிடம் மூன்றாகக் குறைக்கப்பட்டது. எறும்புப்புற்றும் மண்புழு தள்ளிய மண்ணும் அகற்றத் தக்க தடைகளின் பட்டியலில் உள்ளன. பெரிய மனிதர்கள் கூடி உட்கார்ந்து முழங்காலா தோளா என்று முடிவு செய்த அந்தக் காட்சியை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, வீடு உருளும் தளத்துக்குத் திரும்பி வந்தால், கேமில்தான் ஏதோ நிதானம் இருப்பதாகப் படுகிறது. 'ஜேனி கோல்ஃப்' எறும்புப்புற்றை அகற்ற முடியாது என்ற ஒன்றில் மட்டும் விதிமீறல் நிகழ்ந்திருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

காசு பற்றிய கருத்துகள் ஏராளம், விரைந்து கடப்போம். கொடுத்த ரூபாய்க்கு எத்தனை மணி நேரம் ஓடிற்று என்று வகுத்துப் பார்த்து மதிப்பிடுவது இவர்கள் வழி. நகைச்சுவையை நேரத்தால் வகுத்தால், ஒரே தடவை பளிச்சென்று சிரிக்கவைத்தவனுக்கு நஷ்டம். ஒரு நாள் முழுவதும் கொட்டாவி விடவைத்தவனுக்கு லாபம். கணக்கில் பிழையில்லை.

வெகுளியியல்

இதுவரை கண்டது தனியாக ஆடுவோர் கருத்து. பலர் கூடி ஆடும்போது மெய்ப்பாடு மாறுகிறது. இதற்குத் துணைநூல் 'கோல்ஃப் வித் யுவர் ஃப்ரெண்ட்ஸ்'. 2016 முதல் அரைகுறை நிலையிலேயே விற்கப்பட்டு, 2020 மே மாதம் முழுமையாக வெளிவந்தது. உலகமே வீட்டுக்குள் அடைந்துகிடந்த காலம் அது. ஒரே தளத்தில் பன்னிரண்டு பேர் வரை, ஒருவர் முறை முடியட்டும் என்று மற்றவர் காத்திராமல், ஒரே நேரத்தில் அடிக்கலாம். ஒருவர் பந்து இன்னொருவர் பந்தில் மோதும்படியும் அமைத்துக்கொள்ளலாம். பெயரில் நண்பர்கள் என்று இருப்பதை அவையடக்கத்தின் எதிர்ப்பதமாகக் கொள்க.

வெகுளி பிறக்கும் இடம் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அங்கங்களை அறுத்தல், குடியைக் கெடுத்தல், வைது அடித்து அலைத்தல், கொல்லுதல் என்று விரியும் இந்தக் கொடிய பட்டியல், ஒரு மினி கோல்ஃப் கேமுக்குப் பொருந்துமா என்று ஆய்வாளனுக்கே ஐயம் இருந்தது. அக்கா பையன் அறையின் கதவருகே நின்று கேட்டபோது ஐயம் அகன்றது.

எதிராளியின் பந்தைக் கனசதுரமாக மாற்றிவிடும் ஓர் ஆயுதம் இந்தக் கேமில் இருக்கிறது. உருண்டை போய் மூலைகள் முளைத்த பந்து, சரிவில் இறங்காமல் தத்தித் தத்தி நிற்கும். பந்துக்கு இருந்த ஒரே உறுப்பு உருண்டைமை, அது அறுக்கப்பட்டது. உறுப்பறை. பந்தை உறையவைக்கும் ஆயுதமும், தேனில் ஒட்டவைக்கும் ஆயுதமும் உண்டு, அலை. குழியின் விளிம்பில் வந்து நின்று இன்னும் ஓர் அங்குலம் உருள வேண்டிய பந்தை, எங்கிருந்தோ அம்பாக வந்த வேறொரு பந்து மோதித் தளத்துக்கு வெளியே பாதாளத்தில் தள்ளிவிடும். "டேய் யார்றா அது? சொல்லுங்கடா, யார்றா அது?" என்ற குரல் மூடிய கதவைத் தாண்டிக் கூடத்துக்கு வந்தது. கொலை. தள்ளியவன், இவனை ஆட்டத்துக்கு அழைத்த ஆத்ம நண்பனே என்று தெரியவந்தபோது அறையில் விழுந்த மௌனத்தைக் குடிகோள் என்று பதிந்துகொண்டேன்.

கவனிக்கத் தக்கது இதுதான்: இத்தனை வெகுளிக்குப் பின்னும் இவர்கள் கேமைப் பற்றிக் குறை சொல்வதில்லை. "செம கேம்" என்கிறார்கள். ஒருவரை ஒருவர்தான் குறை சொல்கிறார்கள். செய்தவர்கள் வேடிக்கையைத் தாங்களே தயாரிக்காமல், வேடிக்கை விளையும் நிலத்தை மட்டும் குத்தகைக்கு விட்டதால் வந்த நன்மை இது. 'வாட் த கோல்ஃப்?' ஆடுபவரைத் தானே ஏமாற்றி, பாராட்டையும் பழியையும் தானே வாங்கிக்கொள்கிறது. நண்பர்கள் ஏமாற்றினால் கேமுக்குப் பாராட்டு மட்டும் போய்ச் சேர்கிறது. மடனும் இங்கே தீர்வதில்லை. நண்பனை மறுபடியும் நம்பிவிடுகிறோம்.

புறனடை

எட்டு மெய்ப்பாட்டிலும் எளிதில் அகப்படாத ஒரு கேம், கனடாவின் ஜஸ்டின் ஸ்மித் 2014-இல் செய்த 'டெசர்ட் கோல்ஃபிங்'. செம்பழுப்பு மணல், ஒரு பந்து, ஒரு குழி. முடித்தால் அடுத்த குழி. அது முடிந்தால் அடுத்தது. பதினெட்டோடு நிற்பதில்லை, ஆயிரங்களைத் தாண்டும். திரும்பி ஆட வழியில்லை, அழித்தெழுத வழியில்லை. மொத்தம் அடித்த அடிகளின் எண்ணிக்கை தலைக்குமேல் ஏறிக்கொண்டே போகும். இதை நகைக் கோல்ஃபில் சேர்ப்பது பற்றி எனக்குள்ளேயே வாதம் நடந்தது. ஒரு வேடிக்கையும் இதில் இல்லை. ஆனால் ஆடியவர்கள் சொல்வதைக் கேட்டால் சேர்க்காமல் இருக்க முடியாது. நெடுநேரம் மணலே மணலாகப் போய், எங்கோ ஒரு குழியருகே ஒரு கள்ளிச்செடி தலைகாட்டும். அவ்வளவுதான். அதைப் பார்த்தவர்கள் ஊரில் வால்நட்சத்திரம் தோன்றியது போல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். எந்தக் குழியில், எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறார்கள். பிறகு ஒரு செடிக்காக இவ்வளவு பேசுகிறோமே என்று சிரிக்கிறார்கள். மருட்கை பிறக்கும் நான்கு இடங்களில் சிறுமை ஒன்று. மிகச் சிறியதைக் கண்டு வியத்தல். பாலைக்குக் கள்ளி கருப்பொருள் என்பதும் பொருந்தி வருவதால் இதற்குமேல் ஆராயாமல் விட்டேன். பொருத்தம் அதிகமானால் தேர்வாளர்கள் சந்தேகப்படுவார்கள்.

ட்ரைபேண்டார் பின்னர் 2022-இல் 'வாட் த பேட்?' என்றும் 2023-இல் 'வாட் த கார்?' என்றும் தொடர்ந்தார்கள். முன்னதில் ஆடுபவரின் இரண்டு கைகளும் பேஸ்பால் மட்டைகளாகிவிட, அந்த மட்டைகளாலேயே வீட்டு வேலை முதற்கொண்டு பார்க்க வேண்டும். பின்னதில் காருக்குச் சக்கரத்துக்குப் பதில் கால் முளைத்து ஓடுகிறது. இவற்றை ஆடியவர்கள், முதல் கேமில் ஏமாந்தது போல இவற்றில் ஏமாறவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஏமாற மாட்டேன் என்று உறுதியோடு போய் உட்கார்ந்துவிட்டு, ஏமாற்றவில்லை என்று முறையிடுவது உவகை, இளிவரல், அழுகை ஆகிய மூன்றும் கலந்த நிலை. தனி ஆய்வுக்குரியது, உதவித்தொகை கிடைத்தால் மேற்கொள்ளப்படும்.

கள ஆய்வின் இறுதியில் பெரியப்பாவிடம், தம் கருத்தை எழுத்துமூலம் தரும்படி கேட்டுக்கொண்டேன். வாய்மொழியாகச் சொன்னால் போதாதா என்றார். ஆய்வுக்கு ஆவணம் வேண்டும் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய்க் கோடு போட்ட தாளும் நீல மையும் கொண்டுவந்து, மேலே பிள்ளையார் சுழி போட்டு, ஒரே மூச்சில் எழுதிக் கையெழுத்திட்டு, தேதியும் போட்டுத் தந்தார்:

"மேற்படி ஆட்டத்தை நான் சுயநினைவுடனும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும், என் முழுச் சம்மதத்தின் பேரிலும் ஆடிப் பார்த்தேன். ஆட்டத்தின்பேரில் முன் வில்லங்கம் ஏதும் இல்லை. ஆளும், வீடும், பிற தாவர ஜங்கம சொத்துகளும் கொடியிடம் ஒப்படைக்கப்பட்டதை நேரில் கண்டேன். சிரிப்பு வந்தது உண்மை. கோல்ஃப் எப்போது ஆரம்பிக்கும் என்பது மட்டும் இதுவரை தெரிவிக்கப்படவில்லை."